ஈ.சி.ஜி. நார்மல்... அதற்குப் பிறகு?

1890-ஆம் ஆண்டு தூத்துக்குடி முத்துக்குளிப்பில் ஒருவரைச் சுறா கடித்தது. காற்று தோதாக இருந்தது, தண்ணீர் தெளிந்திருந்தது, தோணிகளுக்குக் குறைவில்லை, சிப்பியும் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கரையெங்கும் பீதி பரவியது. குளிப்பவர்கள் தாங்களே ஒரு மந்திரக்காரப் பெண்ணை அமர்த்திக்கொண்ட பிறகுதான் அது தணிந்தது. மேலும் சிலரைச் சுறா கடித்ததும் அந்தத் தைரியமும் போய்விட்டது. நல்ல வருமானம் தந்திருக்க வேண்டிய அந்த ஆண்டின் முத்துக்குளிப்பையே பாதியில் கைவிட நேர்ந்தது. அப்போது சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இதை எழுதிவைத்திருக்கிறார். இந்த வழக்கம் அவர் காலத்துக்கும் மிகப் பழையது. சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். பின்னாளில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்புகளில் 'கடல்கட்டி' என்று அழைக்கப்பட்ட இவர்களுக்கு வெள்ளைக்கார அரசாங்கமே ஊதியம் கொடுத்ததும் உண்டு. அந்த அதிகாரிகள் மந்திரத்தை நம்பவில்லை. ஆனால் மனிதனின் பயம் தொழிலை நிறுத்திவிடும் அளவுக்கு உண்மையானது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்தச் செலவுக்கும் கணக்கில் இடம் ஒதுக்கினார்கள்.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். இன்று இந்தக் கரையில் பலரை முடக்கிப்போடும் பயத்துக்குச் சுறா எதுவும் தேவைப்படுவதில்லை. உப்பளத்தில் வாருபலகை இழுக்கும்போது, துறைமுகத்தில் லாரி வரிசையில் காத்திருக்கும்போது, சில சமயம் நல்ல தூக்கத்தின் நடுவிலேகூட, எந்தக் காரணமும் இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மூச்சு முட்டும், கை விரல்கள் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், உடம்பெல்லாம் வியர்க்கும். செத்துவிடுவோம் அல்லது புத்தி பேதலித்துவிடும் என்ற எண்ணம் வந்து ஆளையே அமுக்கும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல அடங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள், ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், எல்லாம் நார்மலாக இருக்கிறது. "ஒண்ணுமில்ல, கேஸ் டிரபுள்தான், பயப்படாதீங்க" என்ற ஆறுதலோடும் ஒரு வாயு மாத்திரையோடும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் அவர் மறுபடியும் வருகிறார், அல்லது வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இப்படித் திரும்பத் திரும்ப, எதிர்பாராமல் இந்தத் தாக்குதல் வந்து, 'அடுத்தது எப்போது வருமோ' என்ற கவலையோ, அதற்குப் பயந்து வாழ்க்கையையே மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அதற்குப் பேனிக் டிசார்டர், தமிழில் பீதிக் கோளாறு, என்று பெயர். நன்றாகக் குணப்படுத்தக்கூடிய நோய் இது. அந்தக் குணத்துக்குப் பெரும் தடையாக இருப்பது, ஈ.சி.ஜி. நார்மல் என்று தெரிந்த கணத்தில் மருத்துவம் தன் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான்.

இந்தத் தடை தூத்துக்குடியில் மட்டும் இருப்பதல்ல. கனடாவின் மான்ட்ரியல் இதய நிறுவனத்தில், நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்கு வந்த 441 பேரைப் பரிசோதித்த ஆய்வு 1996-இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பீதிக் கோளாறு இருந்தது. அப்படி இருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு, இதய மருத்துவர்களே அதைக் கண்டுபிடிக்கவில்லை. எல்லா வசதியும் உள்ள ஊரில், இதயத்துக்கென்றே கட்டிய மருத்துவமனையில் நிலைமை இதுதான். உலக சுகாதார அமைப்பின் உலக மனநல ஆய்வுத் தொகுப்பு, 25 நாடுகளில் பார்த்ததில், வாழ்நாளில் ஒரு முறையாவது பீதித் தாக்குதலை அனுபவித்தவர்கள் சுமார் 13 சதவீதம், பீதிக் கோளாறாக அது வேரூன்றியவர்கள் 1.7 சதவீதம் என்று கணக்கிட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தாக்குதல் வருவது சாதாரணம், அது பெரும்பாலானவர்களிடம் நோயாக வளர்வதில்லை. சிலரிடம் வளர்கிறது, ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழகமும் ஒரு மாநிலம். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சை எதுவும் பெறவில்லை என்று அது சொன்னது. பீதிக் கோளாறு உள்ளவர் மற்றவர்களைப் போல ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பதில்லை, ஓடோடி வருகிறார். வந்தும் சிகிச்சை இல்லாமலே திரும்புகிறார்.

"உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்வது அறிவியல்படியும் தவறு. அது ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ளக் கடலுக்குள் மூச்சை அடக்கும் தொழில் தெரிந்த இந்தக் கரையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தண்ணீருக்கடியில் மூச்சடக்கி இருப்பவரை 'மேலே போ, மேலே போ' என்று விரட்டுவது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவது அல்ல, ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதுதான். மூளைத்தண்டில் அதை அளந்துகொண்டே இருக்கும் காவல் உண்டு. முங்குவதற்கு முன்பு வேக வேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து, அந்த எச்சரிக்கை தாமதமாக வரும். அதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிப்போகும் அபாயம் உண்டு. பீதிக் கோளாறில் நடப்பது இதற்கு நேர் எதிர்: தேவையே இல்லாதபோது எச்சரிக்கை வருகிறது. கப்பலில் தீ எதுவும் இல்லாமல் அபாயச் சங்கு ஊதுவது போல என்று இதை நினைத்துக்கொள்ளலாம். சங்கு ஊதுவது பொய்யல்ல, தீதான் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் க்ளைன் 1993-இல் இதைத்தான் மூச்சுத்திணறலுக்கான தவறான எச்சரிக்கை என்ற கோட்பாடாக முன்வைத்தார். கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தால், பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட மிக எளிதாகத் தாக்குதல் வருகிறது என்பதைப் பல பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. அவருடைய கோட்பாடு முழுவதையும் எல்லோரும் ஏற்கவில்லை, ஆனால் இந்தப் பரிசோதனை முடிவுகளை யாரும் மறுக்கவில்லை.

இன்னும் வியப்பானது 2013-இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு. மூளையில் பயத்தின் மையம் என்று கருதப்படும் அமிக்டலா பகுதி இருபுறமும் சிதைந்துபோன மூன்று பேரை அவர்கள் பரிசோதித்தார்கள். அவர்களில் ஒருவர் பாம்பைக் கண்டும் பயப்படாதவர் என்று முந்தைய ஆய்வுகளில் பதிவானவர். 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு இழுப்பு இழுத்ததும் மூன்று பேருமே பீதியில் துடித்துப்போனார்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு அஞ்சுவதும், உடம்புக்குள்ளிருந்து கிளம்பும் பீதியும் வெவ்வேறு வழிகளில் நடக்கக்கூடியவை என்பது இதனால் தெரிகிறது. ஆகவே "உனக்குத் தைரியம் பத்தாது" என்ற ஏச்சுக்கு இங்கே இடமே இல்லை. புயலில் படகைத் திருப்பிக் கரைசேர்த்த மீனவருக்கும், இருபது பேரை வைத்து வேலைவாங்கும் மேஸ்திரிக்கும் இது வரலாம். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எச்சரிக்கை ஒரு முறை தவறாக ஒலிப்பது எப்படி நோயாக வளர்கிறது? 1986-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் தந்த விளக்கம் இன்றும் சிகிச்சையின் அடித்தளம். மாடிப்படி ஏறியதாலோ, காலையில் வெறும் வயிற்றில் குடித்த கட்டங்காப்பியாலோ நெஞ்சு சற்று வேகமாக அடிக்கிறது. 'மாரடைப்பு வருகிறது' என்று மனம் அதற்குப் பொருள் கொள்கிறது. அந்த எண்ணமே பயத்தை ஏற்றுகிறது, பயம் மூச்சை வேகமாக்குகிறது, வேக மூச்சில் கரியமில வாயு குறைந்து மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது, விரல்கள் மரக்கின்றன. மரத்துப்போன விரல், நினைத்தது சரிதான் என்று சாட்சி சொல்கிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கினாலும் மனம் ஒரு பாடத்தைப் படித்துக்கொள்கிறது: அந்த இடத்துக்குப் போகாதே. பஸ்ஸில் வந்திருந்தால் பஸ் கூடாது, கூட்டத்தில் வந்திருந்தால் கோயில் திருவிழா கூடாது. கடலுக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு கொடுமையாக விழும். கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஆஸ்பத்திரியும் இல்லாமல் இறங்கி நடக்கவும் முடியாமல் இருக்கும்போது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணத்திலேயே படகேறுவதை நிறுத்திவிட முடியும். வெளியில் அதற்கு முதுகுவலி, சூடு, வேலையில் வெறுப்பு என்று ஏதாவது பெயர் இருக்கும். சிலர் துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே இறங்குவதில்லை, சட்டைப் பையில் மாத்திரை இல்லாமல் நகர்வதில்லை. இந்தக் காப்புகள் அந்த நேரத்துக்கு உதவுவது உண்மை. ஆனால் 'மாத்திரை இருந்ததால்தான் பிழைத்தேன்' என்ற நம்பிக்கை இறுகிவிடுவதால், காப்பு எதுவும் இல்லாமலே அந்தப் பத்து நிமிடம் தானாகக் கடந்துபோகும் என்பதை அவர் ஒருபோதும் அறிந்துகொள்வதில்லை. பல ஆண்களிடம் மதுவும் இப்படி ஒரு காப்பாகிறது. ராத்திரி குடித்தது காலையில் இறங்கும்போது படபடப்பையும் நடுக்கத்தையும் கூட்டித் தருவதால், நோய் வளர்வதற்கு அதுவே உரமாகிறது.

சிகிச்சை இந்த வளையத்தை இரண்டு இடங்களில் உடைக்கிறது. ஒன்று, சி.பி.டி. எனப்படும் பேச்சு வழிச் சிகிச்சை. பெயரில் பேச்சு இருந்தாலும் அதன் உயிர் செய்முறையில்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் வேக வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், நின்ற இடத்தில் சுற்றச் சொல்வார்கள், உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு வாங்கச் சொல்வார்கள், படியேறச் சொல்வார்கள். படபடப்பையும் தலைசுற்றலையும் வேண்டுமென்றே வரவழைத்து, அதனால் உயிர் போகவில்லை என்பதை உடம்புக்கே கற்றுக்கொடுக்கும் பயிற்சி இது. பிறகு ஒதுக்கிவைத்த பஸ், சந்தை, படகு என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் போக வைப்பார்கள். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் முடியக்கூடியது. இரண்டாவது வழி மருந்து: செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை. இவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பைச் சற்று கூட்டவும் செய்யலாம். அதனால் குறைந்த அளவில் தொடங்க வேண்டும், இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும். சொல்லாமல் விட்டால், நான்காம் நாளே 'மருந்து ஒத்துக்கவில்லை' என்று தூக்கிப் போட்டுவிடுவார். அமெரிக்காவில் டேவிட் பார்லோ குழுவினர் 312 நோயாளிகளிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சி.பி.டி.யும் இமிப்ரமின் என்ற மருந்தும் தனித்தனியே வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. சிகிச்சையை நிறுத்திய பிறகு, சி.பி.டி. மட்டும் பெற்றவர்களிடம் பலன் கூடுதலாக நிலைத்தது.

"மனநல மாத்திரை சாப்பிட்டால் அதற்கே அடிமையாகிவிடுவோம்" என்ற பயத்தை ஒதுக்கித் தள்ளக் கூடாது, அதில் பாதி உண்மை இருக்கிறது. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் அரை மணி நேரத்தில் படபடப்பை அடக்கும். தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதைக் கேட்கத் தொடங்கும், திடீரென நிறுத்தினால் பழைய பீதியைவிட மோசமாகத் திரும்பும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் அது இருக்கிறது. இதே மாத்திரைதான், எதற்கென்று சொல்லாமல், 'நல்லாத் தூக்கம் வரும்' என்று பலருக்கும் முதலில் எழுதிக் கொடுக்கப்படுகிறது. ஆனால் செர்ட்ராலின் வகையைச் சேர்ந்தது அல்ல இது. அந்த வகை போதை ஏற்றுவதில்லை, அளவைக் கூட்டச் சொல்லி நச்சரிப்பதும் இல்லை. ஓராண்டு போல எடுத்துக்கொண்டு, மருத்துவர் சொல்படி மெல்லக் குறைத்து நிறுத்தலாம். அடிமையாகும் பயத்தால் மனநல மருத்துவரைத் தவிர்க்கிறவர், பெரும்பாலும் அடிமையாக்கும் மாத்திரையைத்தான் வேறு யாரிடமிருந்தோ வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்தத் தலைகீழ் நிலையைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

மருத்துவர்கள் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இன்னும் கனமானது. பீதி என்று நினைத்து நிஜமான மாரடைப்பைத் தவறவிட்டால் யார் பொறுப்பு? நியாயமான கேள்வி. முதல் முறை நெஞ்சுவலி வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர், வலி தோளுக்கோ தாடைக்கோ பரவுகிறவர் 108-ஐ அழைக்கத் தயங்கவே கூடாது. தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவையும் இதே முகத்தோடு வரும். இந்தக் கரைக்கென்று தனி எச்சரிக்கைகளும் உண்டு. கருவி மூலம் காற்று வாங்கிக்கொண்டு சங்கு குளித்துவிட்டு மேலே வந்தவருக்கு மூச்சுத்திணறலும் மரத்துப்போதலும் வந்தால், வேகமாக மேலேறியதால் ரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. உப்பளத்து வெயிலில் நீர் வற்றிய உடம்பும் இதே போலப் படபடக்கும், கிறுகிறுக்கும். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனையை விட்டுவிட வேண்டியதும் இதனால்தான். உண்மையில் இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்து. ஆக, பரிசோதனை முதலில் என்பதில் எந்தச் சமரசமும் இல்லை. நான் கேட்பது அதற்கு அடுத்த படி. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து, ஐந்தாவது முறையாக அதே ஆள் அதே புகாரோடு வரும்போது, ஐந்தாவது ஈ.சி.ஜி. அவருக்கு மருத்துவம் ஆகாது. 'எதற்கும் ஒரு முறை பார்த்துவிடலாம்' என்று எடுக்கும் ஒவ்வொரு தேவையற்ற சோதனையும், உள்ளே ஏதோ இருக்கிறது என்ற சந்தேகத்துக்குத் தீனியாகவே போய்ச் சேரும்.

வேறொரு மறுப்பு சமூக அக்கறையிலிருந்து வருகிறது. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரையே மூழ்கியது. வருமானம் நிச்சயமில்லை, கடல் நிச்சயமில்லை. இந்த நிலையில் பயப்படுகிறவருக்கு மாத்திரை கொடுப்பது, சமூகத்தின் குற்றத்தைத் தனிமனிதரின் மூளையில் ஏற்றுவதாகாதா? வாதத்தில் நேர்மை இருக்கிறது, முடிவுதான் பிழை. மழை இருட்டினாலே நெஞ்சு பதைப்பது வெள்ளம் கண்டவருக்கு இயல்பு, அதை நோய் என்று யாரும் சொல்லக் கூடாது. காரணமே இல்லாத நேரத்தில் வந்து, மாதக்கணக்கில் ஒருவரை வீட்டோடு கட்டிப்போடுவதே நோய். அதன் வேர் சமூகத் துயரத்தில் இருந்தாலும், நீதி கிடைக்கும் வரை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கெட்ட தண்ணீரால் காலரா வந்தவருக்குக் குடிநீர்க் குழாய் போடும் வரை மருந்து தராமல் இருப்பதில்லையே.

பனிமய மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதையும், திருச்செந்தூரில் நேர்ந்துகொள்வதையும், தர்காவில் ஓதிய தண்ணீர் வாங்குவதையும் விட்டுவிடச் சொல்ல வேண்டிய அவசியம் மருத்துவத்துக்கு இல்லை. இதே மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அந்தப் பாவத்திலிருந்து தமிழகம் கற்றுக்கொண்டவற்றில் ஒன்று, அதே ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தையும் சேர்த்துத் தரும் 'தவா–துவா' திட்டம். வழிபாட்டுத் தலத்துக்கு வருகிறவரை அங்கேயே மனநல மருத்துவர் பார்ப்பார். நம்பிக்கையை எதிர்த்துச் சண்டை போடாமல், அது மனிதர்களைக் கொண்டுவந்து சேர்க்கும் இடத்திலேயே மருத்துவத்தை உட்காரவைத்தது இந்தத் திட்டம். பீதிக் கோளாறு உள்ளவர்கள் வந்து சேரும் இடம் அவசரப் பிரிவும் ஈ.சி.ஜி. அறையும். மனநலச் சேவை உட்கார வேண்டிய இடமும் அதுவே.

ஆள் எங்கே என்று கேட்பார்கள். மனநல மருத்துவர்கள் குறைவு, சி.பி.டி. கற்ற உளவியலாளர்கள் அதைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனாலும் இது வழியற்ற நிலை அல்ல. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் அரசு, தனியார் என 24 முதல்நிலைச் சிகிச்சை மையங்களில் நடத்தி 2010-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் மனச்சோர்வு, பதற்ற நோயாளிகளின் குணத்தைக் கூட்ட முடியும் என்று காட்டியது. அதுவும் தனியார் மையங்களைவிட அரசு மையங்களில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீடு தேடிப் போகிறார்கள். 'ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் நெஞ்சு படபடப்பு திரும்பத் திரும்ப வருகிறதா?' என்ற ஒரே ஒரு கேள்வியை அவர்களுடைய பதிவேட்டில் சேர்க்கப் புதிய கட்டடமோ புதிய பதவியோ தேவையில்லை. மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மேற்சொன்ன மருந்துகள் விலை உயர்ந்தவையும் அல்ல. இருப்பவற்றை இணைக்கும் ஒரு வரிதான் இல்லை: ஈ.சி.ஜி. நார்மல் என்று எழுதும் சீட்டிலேயே, மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு அனுப்புகிறேன் என்று எழுதும் வரி. அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு அதை எழுதும்படி சுகாதாரத் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

அதுவரை, இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தால், அடுத்த முறை சீட்டைக் கையில் வாங்கும்போது அந்த வரியை நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது டெலி-மானஸ் சேவை, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி ஒவ்வொருவரின் உரிமை.